மலிவு விலை மாதிரி வாள்: வாங்கியதும் தீட்டியதும்

கையால் அடித்துச் செய்யப்படும் தரமான வாளின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத மாதிரி வாள் ஒன்றை ஏழு மாதங்களாக வைத்துப் பழகியபின் இதை எழுதுகிறேன். இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் இடுப்பில் அணிந்த ஒருகை வாளைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. நேரான அலகு, இருபுறமும் விளிம்பு, சிலுவைபோல் குறுக்கே நிற்கும் காப்பு, வட்டமான குமிழ் என்ற எளிய அமைப்பு. இந்த விலையில் ஒரே வாள் பல விற்பனையாளர்களிடம் பல பெயர்களில் கிடைப்பதால், பெயரைச் சொல்வதைவிட உறுப்பு உறுப்பாகப் பேசுவதுதான் வாங்க நினைப்பவருக்குப் பயன்படும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலகு கொடுத்த பணத்துக்கு மேலானது, கைப்பிடி பணத்துக்கு ஏற்றது, உறை எதற்கும் உதவாதது. கூர் வாளோடு வரவில்லை. அதை நான்கு மாலைகள் உட்கார்ந்து நானேதான் உண்டாக்கினேன்.

இதற்கு முன் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்த ஒரு வாளைப் படத்தைப் பார்த்து வாங்கி, சில மாதங்கள் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். பின்னொரு நாள் சும்மா காற்றில் இரண்டு முறை வீசிப் பார்த்தபோது கைப்பிடிக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தால், அலகின் அடியில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பியை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டிலும் கீறல் விட்டிருந்தது. மூன்றாவது முறை வீசியிருந்தால் அலகு எங்கே போய் விழுந்திருக்கும் என்பதை நினைக்கவே விருப்பமில்லை. அலகின் அடியிலிருந்து கைப்பிடிக்குள் செல்லும் பகுதிக்குக் காம்பு என்று பெயர். எலிவால் காம்பு என்று வாள் பழகுவோர் இகழ்ச்சியாகச் சொல்வது இதைத்தான். அலங்கார வாளைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது என்ற பாடத்தை ஒரு வாளின் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே இம்முறை அழகைப் பார்க்காமல் எஃகைப் பார்த்தேன். விற்பனைக் குறிப்பில் 420 அல்லது 440 என்ற எண்ணோடு துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால், அது சமையலறைக் கத்திக்குச் சரி, கை நீளத்துக்கு மேற்பட்ட அலகுக்குச் சரியல்ல. துருவைத் தடுக்கச் சேர்க்கப்படும் குரோமியம் அந்த எஃகில் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். நீண்ட அலகு ஒரு பொருளில் மோதும்போது வளைந்து மீள்வதற்குப் பதிலாக ஒடிந்துவிடும் வாய்ப்பு அதில் அதிகம். வாளுக்கு வேண்டியது கார்பன் எஃகு. 1045, 1060, 1095 என்று விற்பனையாளர்கள் குறிப்பிடும் எண்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பனின் அளவைச் சொல்கின்றன: 1060 என்றால் ஏறத்தாழ 0.60 சதவீதம், 1095 என்றால் 0.95 சதவீதம். எண் கூடக்கூட வாள் நன்றாக இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கார்பன் கூடினால் விளிம்பு அதிகக் கடினம் பெறும் என்பது உண்மையே. ஆனால் பதமிடுவதில், அதாவது சூடாக்கிக் குளிரவைத்து எஃகின் கடினத்தை அமைப்பதில், சிறிது பிசகினாலும் அலகு நொறுங்கும் தன்மையும் கூடவே வந்துவிடும். மலிவு விலையில் பதமிடுதல் எந்த அளவு கவனத்தோடு நடந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது என்பதால், பிசகைப் பொறுத்துக்கொள்ளும் 1060 அல்லது சுருள்வில்லுக்குப் பயன்படும் 5160 எஃகை எடுப்பதே பாதுகாப்பு. நான் எடுத்தது 1060.

பல நூறு முறை மடித்து அடித்த எஃகு என்ற விளம்பரத்துக்கும், டமாஸ்கஸ் என்ற பெயரில் அலையலையாய்க் கோடு ஓடும் அலகுகளுக்கும் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. பழைய உலைகளில் கிடைத்த இரும்பில் கார்பன் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் கசடு கலந்தும் இருந்ததால், அதைச் சீராக்குவதற்காகவே கொல்லர்கள் மடித்து அடித்தார்கள். இன்றைய ஆலை எஃகு முதலிலேயே சீராக இருக்கிறது. அதை மடிப்பதால் அழகு கூடலாம், வலிமை கூடாது. மலிவான பட்டறையில் மடிப்புகளுக்கிடையே ஒட்டாத இடைவெளிகள் தங்கிவிடும் ஆபத்துதான் மிச்சம்.

வாள் வந்த அன்று வெர்னியரும் தராசும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடை 1,240 கிராம். இடைக்கால ஒருகை வாள் என்றால் தூக்க முடியாத சுமை என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. எஞ்சியிருக்கும் அக்கால வாள்களில் பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டியும் ஒன்றரைக் கிலோவுக்குள்ளும் அடங்குபவை. ஆகவே எடையில் குறை சொல்ல இடமில்லை. குறை இருப்பது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில். நல்ல வாளின் அலகு காப்பருகே ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனாகத் தொடங்கி, முனையை நெருங்கும்போது அதில் பாதிக்கும் கீழே மெலிந்துவிடும். என் வாள் காப்பருகே 5.2 மி.மீ., முனைக்கு ஒரு சாண் முன்னால் 4.1 மி.மீ. ஒரே தடிமனுள்ள எஃகுத் தகட்டை வெட்டி, இழைக்க வேண்டிய அளவுக்கு இழைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. விளைவாகச் சமநிலைப் புள்ளி காப்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. கையில் எடுத்தால் முனை கீழே இழுக்கிறது. வீச்சை நடுவில் நிறுத்த மணிக்கட்டு சிரமப்படுகிறது. அலகின் நடுவே ஓடும் பள்ளம் எடையைக் குறைப்பதற்காக உள்ளது (இரத்தம் வடிவதற்கு என்பது வெறும் கதை). இந்த வாளில் அந்தப் பள்ளம் பெயரளவுக்கே இருப்பதால் அந்த உதவியும் குறைவுதான்.

பதம் எப்படி என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்தேன். கைப்பிடியை இறுகப் பிடித்து, முனையை மரப்பலகையில் ஊன்றி, பத்து செ.மீ. விலகும் வரை வளைத்து விட்டபோது அலகு நேர்கோட்டுக்குத் திரும்பியது. இரண்டு பக்கமும் இப்படியே. பிறகு காப்பை ஒட்டிய, கண்ணில் படாத இடத்தில் ஓர் அரத்தை மெதுவாக இழுத்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போனால் எஃகு மிகக் கடினம், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் பதமே ஏறவில்லை என்று பொருள். இங்கே சற்று முரண்டு பிடித்துக் கடித்தது. வாளுக்கு ராக்வெல் சி அளவுகோலில் 50ஐ ஒட்டிய கடினம் போதும், சமையல் கத்திபோல் 58க்கும் 60க்கும் போகத் தேவையில்லை. அரத்தின் மொழியில் கிடைத்த விடை அந்த இடத்தைத்தான் காட்டியது. இந்த வாளுக்கு நான் மனதார மதிப்பெண் கொடுக்கும் இடமும் இதுவே.

கூர் இல்லாமல் அனுப்பியதைக் குறையாகச் சொல்லமாட்டேன். விளிம்பின் தடிமன் 1.4 மி.மீ. இருந்தது. கூடுதல் பணம் கொடுத்தால் ஆலையிலேயே தீட்டி அனுப்புவதாகவும் ஒரு தெரிவு இருந்தது. அதை வேண்டாமென்றதற்குக் காரணம், அவசர வேலையில் சூடேறிய விளிம்பை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்ற அச்சம். தீட்டத் தொடங்குமுன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முதலாவது, கூரான வாளை வைத்திருப்பதற்கும் வெளியே எடுத்துச் செல்வதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. மழுங்கலான மாதிரிக்கு இருக்கும் சலுகை தீட்டிய மறுநிமிடம் இல்லாமல் போகக்கூடும். இரண்டாவது, போர்க்கலைப் பயிற்சியில் ஒருவரோடு ஒருவர் மோதுவதற்கென்று செய்யப்படும் வாளைத் தீட்டவே கூடாது. தீட்டிய வாளை அந்தப் பயிற்சிக்குக் கொண்டு போகவும் கூடாது. மோதல் வாளின் விளிம்பு வேண்டுமென்றே தடிப்பாக விடப்பட்டிருப்பதால், அதிலிருந்து கூர் எடுப்பது வேலையாகவும் ஓயாது.

இனி என் முட்டாள்தனம். 1.4 மி.மீ. விளிம்பைக் கையால் தேய்ப்பதற்குச் சோம்பி, பெல்ட் கிரைண்டரில் தொடங்கினேன். முதல் பத்து செ.மீ. அழகாகப் போனது. முனை வளையும் இடத்தில் அலகு குறுகுவதால் வெப்பம் ஓடிப் பரவ இடமில்லை. அரை நொடி நின்றுவிட்டேன் போலும், விளிம்பில் மயில்கழுத்து நீலம் ஒன்று பூத்து, கண்ணெதிரே சாம்பல் நிறத்துக்கு மாறியது. எஃகைச் சூடாக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறமும் 300 அளவில் நீலமும் தோன்றும். நீலத்தையும் கடந்துவிட்டால், பதமிட்டபோது கொடுத்த வெப்பத்தைத் தாண்டிவிட்டோம், அந்த இடம் இளகிவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு அரம் வைத்துப் பார்த்தபோது, மற்ற இடங்களில் முரண்டு பிடித்த எஃகு அந்த ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் சொன்னபடி கேட்டது. பெல்ட் கிரைண்டரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் அல்லன். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைவேலைக்குத் திரும்பினேன்.

கத்தியைத் தீட்டும்போது கல்லை நிறுத்திக் கத்தியை நகர்த்துகிறோம். வாளில் இது தலைகீழ்: வாளை அசையாமல் கட்டிவிட்டு அரத்தையும் கல்லையும் நகர்த்த வேண்டும். மேசையின் ஓரத்தில் ஒரு நீண்ட மரச்சட்டத்தை வைத்து, அதன்மேல் தோல் விரித்து, அலகைக் கிடத்தி, இரண்டு இடங்களில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வேலை நடக்காத விளிம்பின்மேல் தடித்த ஒட்டுநாடா. முனைக்கு ஒரு தக்கை. கையில் வெட்டுத் தாங்கும் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, இரும்புத்தூள் மூக்கில் ஏறாமலிருக்க முகக்கவசம். இவற்றில் ஒன்றைக்கூட மிகை என்று சொல்லமாட்டேன்.

கோணம்தான் இந்த வேலையின் உயிர். பக்கத்துக்கு 20 டிகிரி என்று தீர்மானித்தேன். இதைவிடக் குறைத்தால் கூர் கூடும், ஆனால் விளிம்பு மெலிந்து மடங்கும். 30க்கு மேல் போனால் உழைப்பு குறையும், வாளும் கோடரிபோல் ஆகிவிடும். கையால் 20 டிகிரியைப் பிடித்துக்கொண்டே இருப்பது எளிதல்ல என்பதால், 10 செ.மீ. நீளத்துக்கு 3.6 செ.மீ. உயரம் வருமாறு ஒரு மர ஆப்பைச் சீவி, ஒவ்வொரு சில இழுப்புக்கும் ஒருமுறை அதைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். விளிம்பு முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிடுவது இன்னும் சிறந்த காவல்: அரம் எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் போகிறது என்பதை மை அழிந்த இடமே சொல்லிவிடும். 1.4 மி.மீ. தடிமனில் இந்தக் கோணத்துக்கு விளிம்புச் சரிவு ஏறத்தாழ 2 மி.மீ. அகலம் வர வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். காப்பை ஒட்டிய 12 செ.மீ.யை மழுங்கலாகவே விட்டுவிட்டாலும், இரண்டு விளிம்பு, விளிம்புக்கு இரண்டு பக்கம் என்று கணக்குப் போட்டால் இரண்டரை மீட்டருக்கும் மேல் நீளமுள்ள சரிவை ஒரே அளவாக எடுத்தாக வேண்டும்.

ஒற்றை வரிசைப் பற்களுள்ள தட்டை அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். பற்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும் தூளைக் கம்பித் தூரிகையால் அடிக்கடி தட்டிவிடாவிட்டால், அந்தத் தூளே அலகில் ஆழமான கீறல்களைப் போடும். ஒரு பக்கத்தில் இருபது இழுப்பு, வாளைப் புரட்டி மறுபக்கத்தில் இருபது இழுப்பு என்று மாறி மாறிச் செய்தால்தான் கூர்க்கோடு அலகின் நடுவில் நிற்கும். முதல் மாலையில் ஒரே பக்கத்தில் ஆர்வமாக ஓட்டிவிட்டதால் ஓரிடத்தில் கோடு இன்னும் சற்றே சாய்ந்திருக்கிறது.

அரம் தன் வேலையை முடித்ததை அறிவிப்பது பிசிர். விளிம்பின் மறுபக்கத்தில் விரலைக் குறுக்காக, கூரிலிருந்து விலகும் திசையில் தடவினால், நகக்கண்ணில் மாட்டும் மெல்லிய சுருள்போல் ஒன்று தட்டுப்படும். அது தட்டுப்படும் இடத்தில் இரண்டு சரிவுகளும் சந்தித்துவிட்டன. தட்டுப்படாத இடத்தில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கூர் பிறக்கவில்லை. இரண்டாவது மாலை முடிவில் முதல் விளிம்பு முழுவதும் பிசிர் கண்டது. அன்று அடைந்த மகிழ்ச்சி வாள் வந்த அன்றுகூட இல்லை.

அதன்பிறகு 400 எண் கல், பிறகு உப்புத்தாள். வாளின் விளிம்பு தட்டையான இரண்டு சரிவுகள் சந்திக்கும் கத்தி விளிம்பாக இருப்பதைவிட, ஆப்பிள் விதையின் பக்கம்போல் சற்றே உப்பிய வளைவாக இருப்பது நல்லது. கூருக்குப் பின்னால் சதை இருப்பதால் அடி தாங்கும். சரிவு தொடங்கும் இடத்தில் மேடு இல்லாததால் வெட்டும்போது தடையும் குறைவு. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கணினி மவுஸுக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டை மரக்கட்டையில் ஒட்டி, அதன்மேல் உப்புத்தாளைச் சுற்றி, கூரிலிருந்து விலகும் திசையில் மட்டும் இழுத்தால், அழுத்தத்தில் ரப்பர் குழிந்து தாளே அந்த வளைவை உண்டாக்கிவிடும். எதிர்த்திசையில் இழுத்தால் தாள் கிழியும், கையும் கிழியலாம். 220, 400, 800 என்று மூன்று தாள்களோடு நிறுத்தி, தோல்பட்டையில் பத்துப் பதினைந்து முறை இழுத்து மீதிப் பிசிரைக் களைந்தேன். முகம் தெரியும் வரை மெருகேற்றுவோர் உண்டு. வெட்டுவதற்கு 400க்குமேல் போவதே அலங்காரம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளிம்பில் நுண்ணிய பற்கள் மிச்சமிருந்தால் நார்ப்பொருளில் அது நன்றாகவே கடிக்கும்.

தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களில் சோதித்தேன். தீட்டுவதற்கு முன் இதே பாட்டில் அடிபட்டுப் பறந்து போனது. தீட்டியபின் முதல் மூன்று வெட்டுகளும் பாதியில் நின்றன, பாட்டில் நசுங்கியது. தவறு வாளில் இல்லை, விளிம்பு போகும் திசையும் வீச்சின் திசையும் ஒன்றாக இல்லாத என் கையில். நான்காவது வெட்டில் மேல்பாதி தனியே சரிந்து விழ, கீழ்ப்பாதி நின்ற இடத்திலேயே தண்ணீரோடு நின்றது. அலகில் எந்த இடம் வெட்டுவதற்கு ஏற்றது என்பதை அறிய, வாளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்து, குமிழை உள்ளங்கையால் தட்டிப் பார்க்கலாம்: அலகு முழுவதும் அதிரும்போது ஓரிடம் மட்டும் அசையாமல் நிற்கும். அந்த இடத்தை ஒட்டி வெட்டினால் கைக்கு அதிர்வு வராது. என் வாளில் அது முனையிலிருந்து 21 செ.மீ. சுற்றிலும் யாரும் இல்லாத வெளியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

ஏறத்தாழ நாற்பது வெட்டுக்குப் பின் காப்பு லேசாக ஆடத் தொடங்கியது. குமிழின் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். காம்பு அகலமாகவே இருக்கிறது, அலகோடு ஒரே துண்டாகவும் இருக்கிறது. கடைசி நான்கு செ.மீ. திருகுமரை மட்டும் தனியே வெல்டிங் செய்யப்பட்டது. காம்பின் நுனியைக் குமிழுக்கு மேலே எடுத்து அடித்துப் பரப்பிவிடும் பழைய முறைதான் உறுதியானது. நட்டு முறைக்கு ஒரு வசதி, கழற்றிப் பூட்டலாம். காப்புக்கும் அலகுக்கும் இடையே இருந்த இடைவெளியில் எபாக்சிப் பசை நிரப்பி, நட்டை மீண்டும் முடுக்கியபின் ஆட்டம் நின்றது. கைப்பிடித் தோலின் தையல் ஓரிடத்தில் பிரிந்ததை ஒட்டிவிட்டேன்.

உறை மெல்லிய செயற்கைத் தோலுக்குள் அட்டைபோன்ற ஒரு பொருள். அதில் போட்டு வைத்த மூன்றாவது வாரம் முனையருகே பழுப்புப் புள்ளிகள் தோன்றின. கார்பன் எஃகு வாளை எந்த உறையிலும் நீண்ட நாள் வைக்கக் கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது தெரிந்தே செய்த தவறு இது. இப்போது ஒவ்வொரு முறை தொட்டபின்பும் விரல் ரேகையைத் துடைத்து, வாசனையில்லாத கனிம எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, உறையில்லாமல் பூட்டிய பெட்டியில் கிடத்துகிறேன். கிரைண்டரில் கருகிய அந்த ஒரு விரற்கடை மட்டும் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் முதலில் மழுங்குகிறது. அதைச் சரிசெய்ய விளிம்பை உள்நோக்கி அரை மில்லிமீட்டர் தேய்த்து நல்ல எஃகைத் தொட வேண்டும். அந்த வேலையைக் கட்டாயம் அரத்தால்தான் செய்வேன்.